விரல் ஒன்று, விலாசம் இரண்டு

? வீடு கமுதி பக்கம் ஒரு கிராமம். படிப்பு கோவையில், ஹாஸ்டல் வாசம். என் ஓட்டு எந்த ஊரில்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், கோவை

உங்களுக்கு எந்த ஊர் வேண்டுமோ அந்த ஊரில். மாணவர்கள் பெற்றோர் வீட்டு விலாசத்திலும் பதியலாம், விடுதி விலாசத்திலும் பதியலாம். விடுதி என்றால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும், குறைந்தது ஓராண்டுப் படிப்பாகவும் இருக்க வேண்டும். மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை வைத்துக்கொண்டு கோவைக்கு எம்.எல்.ஏ. தேர்ந்தெடுக்க முடியாது. பிரின்சிபாலிடமோ பதிவாளரிடமோ போனஃபைட் சான்று வாங்கி விண்ணப்பத்தோடு இணைக்கவும் வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றை யோசியுங்கள். சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் உள்ளாட்சித் தேர்தல் பட்டியலும் தயாராகிறது. பெயரைக் கோவைக்கு மாற்றினால், ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நீங்கள் வெறும் பார்வையாளர். எம்.பி. தேர்தலில் உங்கள் ஓட்டு பத்து லட்சத்துச் சொச்சத்தில் ஒன்று. ஊராட்சி வார்டிலோ சில நூறில் ஒன்று. ஒற்றை ஓட்டில் ஜெயித்த வார்டு உறுப்பினர்கள் உண்டு. சம ஓட்டு வாங்கி, குலுக்கல் சீட்டில் பதவிக்கு வந்தவர்களும் உண்டு. கோவையில் உங்களுக்கு மிச்சம் ஒரு வருடம்தான். ஊர்க் குழாயடியில் அம்மா இன்னும் பல வருடம் குடத்தோடு நிற்கப்போகிறார். என்னைக் கேட்டால் ஊர் ஓட்டை விடாதீர்கள். ஐந்தரை வருட டாக்டர் படிப்பு, ஊருக்குப் போவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் என்பவர்களுக்கு என் பதில் வேறு: அவர்கள் ஹாஸ்டல் விலாசத்துக்கே மாறிக்கொள்ளலாம்.

? ஊர்ப் பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. கல்லூரி முகாமிலும் படிவம் 6 கொடுத்தார்கள். அதையும் நிரப்பிக் கொடுத்துவிடவா? இரண்டு இடத்திலும் இருக்கட்டுமே!
– முன்ஜாக்கிரதை மாணவி, திருச்சி

இருக்கக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950, பிரிவு 17: ஒருவருக்கு ஒரு தொகுதிதான். படிவம் 6 முதன்முறை வாக்காளருக்கு மட்டும். அதன் உறுதிமொழிப் பகுதியை யாரும் படிப்பதில்லை. வேறு எங்கும் என் பெயர் இல்லை என்று அதில்தான் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பொய் உறுதிமொழிக்குப் பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இடம் மாறுகிறவர்களுக்குப் படிவம் 8. அதைக் கொடுத்தால் பழைய இடத்தில் பெயர் நீங்கிப் புதிய இடத்தில் ஏறும்.

? ஆன்லைனில் விண்ணப்பித்தேன். "விண்ணப்பதாரர் இல்லை" என்று நிராகரித்துவிட்டார்கள். இருக்கிறேனே ஐயா!
– இல்லாத ஒருவன், சேலம்

நீங்கள் இருக்கிறீர்கள், சரிபார்க்க ஆள் வந்த நேரத்தில் இல்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., பெரும்பாலும் ஓர் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். தன் வேலைக்கு நடுவே காலை பதினொரு மணிக்கு ஹாஸ்டலுக்கு வருகிறார். வாட்ச்மேன், "எல்லாரும் கிளாஸுக்குப் போயிட்டாங்க" என்கிறார். கதை முடிந்தது. மறுபடி விண்ணப்பியுங்கள். இந்த முறை ஹாஸ்டல் பெயர், பிளாக், அறை எண் எல்லாம் எழுதுங்கள். பி.எல்.ஓ.வின் எண் வேண்டுமென்றால் 1950-க்கு அழைத்துக் கேளுங்கள். வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இந்திய ஜனநாயகத்தில் அவர் பங்கு சின்னதல்ல.

? வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்டுவிட்டார் தாத்தா. 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எனக்கு மட்டும் ஏன் தபால் ஓட்டு இல்லை?
– பொறாமைப் பேரன், வேலூர்

தாத்தாவுக்கு 85 தாண்டியிருக்கும். அந்த வயதினர், குறைந்தது 40 சதவீத ஊனமுள்ள மாற்றுத்திறனாளிகள், ராணுவத்தினர், தேர்தல் பணியில் இருப்பவர்கள் என்று பட்டியல் நீள்கிறது; மாணவர் அதில் இல்லை. தொலைவிலிருந்தே வாக்களிக்க ஓர் எந்திரம் தயார் என்று தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரே எந்திரத்தில் 72 தொகுதிகள். அடுத்த மாதமே கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்தார்கள். எதிர்க்கட்சிகள் ஒப்பவில்லை, எந்திரம் தேர்தல் களத்துக்கு வரவில்லை. கட்சிகளின் சந்தேகம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால், வெளியூரில் படிக்கிற பிள்ளைக்கு என்ன வழி என்ற கேள்வியை அதோடு சேர்த்து மூட்டைகட்டி வைத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

? எனக்கு இன்னும் 18 ஆகவில்லை. காத்திருக்க வேண்டுமா?
– பிளஸ் டூ, நாகர்கோவில்

17 முடிந்தாலே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் எது உங்கள் 18-க்குப் பின் முதலில் வருகிறதோ, அப்போது பெயர் ஏறும்.

? தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொண்டால் போதாதா?
– கடைசி பெஞ்ச், மதுரை

வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலுக்குப் பூட்டு விழுந்துவிடும். விசாரணை, ஆட்சேபம் எல்லாவற்றுக்கும் நாள் வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அரியர் போலப் பிறகு எழுதிக்கொள்ள முடியாது.

? வோட்டர் ஐடி பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. பிறகென்ன?
– நிம்மதியானவர், சென்னை

கையில் கார்டு இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. பட்டியலில் பெயர் இருந்து கையில் கார்டு இல்லையென்றால் ஓட்டு உண்டு; ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என ஏதாவது ஒன்று போதும். 2025 இறுதியில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்திருக்கிறது. அதனால் பஸ் ஏறும் முன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; பாகம் எண், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி அடையாள அட்டையை நீட்டாதீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ஏற்கப்பட்ட ஆவணங்களில் அது இல்லை. பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் ஆகாது.

? ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போய், என் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால்?
– 'சர்கார்' ரசிகர், ஓசூர்

அந்தப் படம் சொன்ன 49பி விதி நிஜம். உங்கள் அடையாளத்தை நிரூபித்தால், காகிதச் சீட்டில் 'ஆய்வுக்குரிய வாக்கு' போடலாம். எந்திரத்தைத் தொட விடமாட்டார்கள். சீட்டு உறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது, நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். படத்தில் விஜய்க்கு நடந்த மற்றதெல்லாம் உங்களுக்கும் நடக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது.

? ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறேன்.
– பெர்லின்வாசி

படிவம் 6ஏ-வில், பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய விலாசத்துக்குரிய தொகுதியில் பதியலாம். ஓட்டுப் போட மட்டும் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

? "நீ வந்து ஓட்டுப் போடு, பஸ் காசு நான் தர்றேன்" என்கிறார் ஊர்க் கட்சிக்காரர். வாங்கலாமா?
– காசில்லாதவன், தஞ்சாவூர்

ஓட்டுக்காகக் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் அது குற்றம். வேன் வைத்து அழைத்துப்போகிறோம் என்றால், வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ வாக்காளரை இலவசமாக வண்டியில் ஏற்றுவதும் தேர்தல் முறைகேடுதான். டிக்கெட்டுக்கு அப்பாவிடம் கேளுங்கள். அவரும் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுப்பார். ஆனால் பறக்கும் படை அதற்கெல்லாம் வீட்டுக்கு வராது.