வெள்ளிவிழாச் சந்திப்பும் காலவழுவமைதியும்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978இல் வந்தது. முதல் அணி 1980இல் தேர்வு எழுதியது. ஆகவே பிளஸ் டூ வெள்ளிவிழாச் சந்திப்பு என்னும் வகை 2005க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. பழைய எஸ்.எஸ்.எல்.சி.க்காரர்கள் அதற்கு முன்பே கூடியிருக்கலாம். அவர்கள் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள். நாங்கள் 2001 மார்ச் அணி. 1200க்கு எத்தனை என்பதை இன்னும் மறக்காத தலைமுறை. காவிரிக்கரையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, வணிகவியல் பிரிவு. 2026இல் கூடுவதாக ஏற்பாடு.

ஏற்பாடு முழுக்க வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நன்னூல் வேண்டும். முக்காலமும் ஒன்றன் இடத்தில் ஒன்று வர நான்கு காரணம் உண்டு என்கிறார் பவணந்தி முனிவர்: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. விரைவுக்கு வகுப்பில் சொல்லித்தந்த எடுத்துக்காட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை வாசலில் நின்று நண்பன் அழைக்கிறான். உள்ளேயிருந்து "இதோ வந்துவிட்டேன்" என்று குரல் வருகிறது. இலையில் இன்னும் ரசமே விழவில்லை. இது வழுதான், ஆனால் புலவர்கள் பொறுத்துக்கொண்ட வழு. எங்கள் குழுவில் ஒருவன் "வந்துட்டேன் மச்சி, எனக்கு ரூம் போடு" என்று எழுதியது ஐந்து மாதத்துக்கு முன்பு, ஷார்ஜாவிலிருந்து. "பணம் போட்டுட்டேன்" என்றவர்கள் பதினொரு பேர். பொருளாளரின் பாஸ்புக் அவர்களில் எவரையும் அறியவில்லை.

மற்றொரு சாரார் எச்சத்தில் வாழ்பவர்கள். "லீவு கிடைச்சா...", "மாமியாரைக் கேட்டுட்டு..." என்று தொடங்குவார்கள். முடிக்கும் வினைமுற்று எந்தச் செய்தியிலும் வந்ததில்லை. கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்புவோர் தனி இனம். அதற்குத் திணை, பால், எண், இடம், காலம் எதுவும் கிடையாது. தொல்காப்பியர் பார்த்திருந்தால், தனித்து இயங்காது என்ற காரணத்தால் இடைச்சொல்லில் சேர்த்திருப்பார்.

தேதி குறித்த வரலாறு சற்று நீளமானது. ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையும் குறையும். ஆனால் வணிகவியல் படித்த பாவத்துக்கு எங்களில் நான்கு பேர் ஜவுளிக்கடையில் இருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் அவர்கள் சொந்தப் பிள்ளைக்கே முகம் காட்டுவதில்லை. புரட்டாசியில் பிரியாணி போட முடியாது. பிரியாணி இல்லாத சந்திப்பைச் சந்திப்பாகக் கருதலாமா என்று ஒரு முழு ஞாயிறு விவாதித்து, கூடாது என்று முடிவெடுத்தோம். ஐப்பசியில் மழை. கார்த்திகை, மார்கழியில் பாதிப் பேர் கழுத்தில் மாலை. தையில் பெண்கள் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் இருப்பார்கள். மாசி, பங்குனியில் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. இப்போது பிளஸ் டூ எழுதுவது அவர்கள். மிஞ்சிய மாதங்களில் எல்லா நாளும் முகூர்த்தம். கடைசியில் ஒரு கரிநாள் அகப்பட்டது. மண்டபக்காரர் கரண்டுக்கு யூனிட் கணக்கு, ஜெனரேட்டருக்கு டீசல், துப்புரவுக்குத் தனி, கரண்டி காணாமல் போனால் அதுவும் தனி என்றார். கரிநாளுக்குத் தள்ளுபடி இல்லையாம்.

பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. வருகைப் பதிவேடு கிடைக்கவில்லை. குரூப் போட்டோதான் மூலநூல். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கினார். எனக்கு மூன்று படிகள் கிடைத்தன. முதற்படியில் பின்வரிசையின் இடப்பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. இரண்டாம் படியில் பொருளியல் சாருக்கு நீல மையில் கொம்பு முளைத்திருந்தது. பிற்கால இடைச்செருகல் என்று தள்ளிவிட்டேன். மூன்றாவது, ஒரு தோழியின் அம்மா லேமினேட் செய்து சாமி அலமாரியில் வைத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் குங்குமம், மற்றபடி நல்ல படி. அதை வைத்து ஒவ்வொரு தலைக்கும் சிவப்பில் எண் போட்டுக் குழுவில் விட்டேன்.

46 தலைகள். இருவருக்கு மட்டும் இறந்தகாலம் வழுவில்லாமல் பொருந்தியது. அவர்கள் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. மற்றவர்களை மூன்று நாளில் அடையாளம் கண்டோம், 17ஆம் எண்ணைத் தவிர. இரண்டாம் வரிசைக் கடைசி, எண்ணெய் வழியும் தலை, காலர் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டை. கணக்குப்பதிவியல் தேர்வில் அவனைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று ஒருவன் சத்தியம் செய்தான். அவன் வாங்கிய மதிப்பெண் அதற்குச் சான்றாகவும் இருந்தது.

இடையில் டி-ஷர்ட்டுக்கு அளவு கேட்டோம். பெரும்பாலோர் 2001இல் இருந்த மார்பைத் தந்தார்கள். நிகழ்காலம் இறந்தகாலமாக மயங்குதல்; நன்னூலார் சொன்ன நான்கு காரணங்களுள் எதிலும் இது அடங்கவில்லை.

கோப்பெருஞ்சோழன் உறையூருக்கு அருகே வடக்கிருந்தபோது, பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் வருவார், இடம் ஒதுக்குங்கள் என்றான். இருவரும் அதுவரை சந்தித்ததே இல்லை. கூட இருந்தவர்கள் நம்பவில்லை. புலவர் வந்து சேர்ந்தார். இத்தனை வயதாகியும் நரை இல்லையே என்று கேட்டதற்கு, மனைவி மக்கள் நல்லவர்கள், அரசன் நல்லவன், ஊரில் சான்றோர் பலர் என்று காரணம் சொன்னார். அந்தக் கேள்வியை எங்களுள் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது என்பதுதான் ஏற்பாட்டுக் குழு ஏகமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம்.

17ஆம் எண்ணின் புதிரை அவிழ்த்தவர் பள்ளியில் மணியடித்து ஓய்வுபெற்ற பெரியவர். படத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோய், "இது ஸ்டுடியோ பையன்ல. ஸ்டாண்டு தூக்கிட்டு வந்தவன். வரிசையில ஓரம் மொட்டையா இருக்குன்னு போட்டோக்காரர் நிக்கச் சொன்னாரு" என்றார். அன்று ஸ்டாண்டு தூக்கியவர் இப்போது பக்கத்து ஊரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். அழைப்பதா வேண்டாமா என்று குழு இரண்டாகப் பிரிந்தது. நட்புக்குக் கூடிப் பழகியிருக்க வேண்டியதில்லை என்று வள்ளுவர் சொன்ன இடத்தில் பரிமேலழகர் காட்டுவதே இந்தச் சோழனையும் பிசிராந்தையாரையும்தான் என்று நான் எடுத்துச் சொன்னேன். நான்கு கட்டைவிரல்கள் வந்தன. அழைத்தோம்.

"வருவேன்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. குழு தொடங்கி இதுவரை வந்த முதல் எதிர்கால வினைமுற்று. அன்று மாலையே ஜி-பேயில் 1,500 ரூபாய் ஏறியிருந்தது. டி-ஷர்ட் அளவு கேட்டோம். கொஞ்சம் இருங்க சார் என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போய், டேப் வைத்து அளந்து வந்து, 42 என்றார்.