சுமைகூலி முக்கால் பணம்

ஏன் நைனா, இன்னும் ஏரோப்ளேனே ஏறல. அதுக்குள்ள எறங்கிப் போறதுக்குக் காருக்குத் துட்டு கட்டிட்டியாமே? மீனம்பாக்கத்துல எறங்கி, நேரா மாமல்லபுரத்துக் கடலோர ஓட்டலுக்கு. தனிக் காரு. பேரு போட்ட பலகை. குளுந்த தண்ணி பாட்டலு. மூஞ்சி தொடைக்க ஈரத்துண்டு. கேக்கறப்பவே எனக்கு வேர்வை அடங்கிப்போச்சு போ.

தூரம் எத்தினி? அங்க இங்க கூடக் கொறைய 50 கிலோமீட்டரு. அதுக்கு ஓட்டல்காரன் போட்ட ரேட்டப் பாத்தேன். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க?

கோச்சுக்காத. காரே வாணாம்னு நான் சொல்லல. பொண்டாட்டி, கைக்கொழந்த, நாலு பொட்டி. ராவுல எறங்கற. காருதான் சரி. நான் கேக்கறது வேற. துட்டு குடுத்து இன்னா வாங்கினேன்னு உனக்குத் தெரியுமா?

இந்த யாவாரம் புதுசுன்னு நெனச்சுக்கினு கீற. பெரியபாளையத்தான்கிட்ட வந்து வண்டி பேசறத பத்திச் சொல்றியா? ஆடி மாசம் பவானியம்மனுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஜனம் மாட்டு வண்டி கட்டிக்கினு வந்த ஊரு இது. குடும்பத்தோட வருவாங்க. வண்டிக்கு அடியில லாந்தர் விளக்கு தொங்கும். பின்னால கோழி கத்தும். அண்டா, குண்டா, அரிசி மூட்ட, வெறகு, எல்லாம் உள்ளாறயே. ஆத்தங்கரையில கீத்துக் கொட்டாய் போட்டுத் தங்கி, பொங்க வெச்சு, வேப்பஞ்சேல கட்டி, மொட்ட போட்டுட்டு அப்பால கெளம்புவாங்க. இப்ப வேன்ல வராங்க, லாரில வராங்க. ஆடி ஞாயித்துக்கெழம வந்தா ஆரணி ஆத்துப் பாலத்துல கால் வெக்க எடம் இருக்காது.

அந்தக் காலத்துல வண்டி பேசறவன் இன்னா பேசுவான் தெரியுமா? போக வர எத்தினி. நடுவுல எத்தினி ராவு தங்கல். மாட்டுக்கு வைக்கோலு யாரு பொறுப்பு. வண்டிக்காரனுக்குச் சோறு உன்னுதா என்னுதா. மழ வந்து ஒரு நாள் கூட ஆனா கூலி ஏறுமா. இத்தினியும் வெத்தலயக் கையில வெச்சுக்கினே பேசி முடிச்சுடுவான். எழுத்து கெடையாது, ரசீது கெடையாது. நீ எம்பிஏ படிச்சவன். போன்ல பட்டன அமுக்கிட்டு வந்து நிக்கற. டோலு யாரு குடுக்கறது? தெரியாது. பார்க்கிங்? தெரியாது. டிரைவர் பேட்டா? நைட்டு சார்ஜு? அதுவும் தெரியாது. ஈரத்துண்டு மட்டும் ஃப்ரீன்னு நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்க.

டோலுன்ன உடனே ஞாபகம் வருது. ஏர்போர்ட்லேர்ந்து மாமல்லபுரம் போக ஒரு வழியா கீது? பல்லாவரம் துரைப்பாக்கம் ரோட்டப் புடிச்சு, ஈசிஆர் ஏறிப் போனா உத்தண்டில டோலு. தாம்பரம், வண்டலூரு, கேளம்பாக்கம்னு சுத்திக்கினு போய்க் கோவளத்துல ஈசிஆர் ஏறினா உத்தண்டி பின்னாலயே நின்னுடும். எந்த வழி, அதுக்கு எத்தினின்னு மொதல்லயே கேளு. இல்லன்னா வண்டி வண்டலூர் வழியாப் போவும், பில்லுல உத்தண்டி வந்து குந்திக்கினு இருக்கும்.

வெயிட்டிங்குன்னு இன்னொண்ணு. ஒரு மணி நேரம் ஃப்ரீன்னு போட்டிருக்கான்ற. எப்பலேர்ந்து ஒரு மணி? சக்கரம் தரையத் தொட்டதுலேர்ந்தா, நீ கதவத் தாண்டி வெளிய வந்ததுலேர்ந்தா? பாஸ்போர்ட்டுக்கு முத்திர குத்தற வரிசையில நின்னு, அப்பால பொட்டி சுத்தி வர்ற பெல்ட்டு பக்கத்துல நின்னு, கொழந்தைக்குப் பாலு கலக்கிக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள அந்த ஒரு மணி செத்துப் பூடும். ப்ளேன் லேட்டானா அவனுக்கே தெரியும்ன்ற. ஃப்ளைட் நம்பர் குடுத்தியா? குடுக்காம எப்பிடித் தெரியும், குறி கேட்டா?

அப்பறம் அந்தப் பலகை. உன் பேர எழுதி நெஞ்சுக்கு நேரா புடிச்சுக்கினு ஒருத்தன் நிக்கணும். ஆசதான். நம்ம பக்கம் ஒருத்தன் பேரப் பெரிய எழுத்துல பாக்கறது ரெண்டு வாட்டி. கண்ணாலத்துக்கு வெக்கற பேனர்ல ஒண்ணு. ரெண்டாவது பேனர அவன் பாக்க முடியாது. நடுவுல இன்னொரு வாட்டி பாத்துக்கறேன்னா நான் இன்னா சொல்றது? ஆனா ஒண்ணு. பாஸ்போர்ட்டுல இருக்கற பேரு வேற, வூட்ல கூப்புடற பேரு வேற, பொண்டாட்டி பேருல புக் பண்ணது வேற. அவன் எந்தப் பேர எழுதினானோ? நீ உன் பேரத் தேடுவ. அவன் உங்க வூட்டம்மா பேரத் தூக்கிக்கினு உன் எதுக்காலயே நிப்பான்.

இந்தப் பலகைக்காரங்கள எனக்கு நல்லாத் தெரியும். தேர்வாய்கண்டிகை சிப்காட்டுல மிச்செலின் டயர் கம்பெனி வந்துச்சு இல்ல, பிரான்ஸ்காரன் கம்பெனி. அந்த மாதிரி கம்பெனிங்களுக்கெல்லாம் வெளிநாட்டு ஆளுங்க வந்துகினேதான் இருப்பாங்க. நம்ம பக்கத்துப் பசங்க காரு எடுத்துக்கினு மீனம்பாக்கம் போவானுங்க. ராவு ரெண்டு மணிக்கு வர்ற ப்ளேனுக்குப் பத்து மணிக்கே போய்ச் சீட்ட மல்லாத்திட்டு, மூஞ்சி மேல துண்டப் போட்டுக்கினு படுத்திருப்பான். போன் அடிச்சா தூக்கத்துலயே "வந்துட்டேன் சார்" னுவான். வண்டி நிக்கற எடம் வேற, ஆளு நிக்கற எடம் வேற. 2022 டிசம்பர்ல அங்க அடுக்குமாடி பார்க்கிங்கு ஒண்ணு தொறந்தாங்க. ஆப்புல போடற காருக்கு அங்க போய்த்தான் ஏறணும். நீ வாசல்ல நின்னுக்கினு "எங்கப்பா கீற?" ன்ற. அவன் மாடியில நின்னுக்கினு "நீங்க எங்க சார்?" ன்றான். பாதி சண்ட இதுலதான். வெளிய வந்தா எந்த எடத்துல, எந்தத் தூணு கிட்ட நிக்கறதுன்னு ஏறறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கோ. டிரைவர் பேரும் போன் நம்பரும் துண்டுச் சீட்டுல எழுதி சட்டப் பையில வெச்சுக்கோ. போன் சார்ஜு செத்தாலும் சீட்டு சாவாது.

அந்த ஓட்டலுக்கு யாரு யாரெல்லாம் எப்பிடிப் போறாங்கன்னு என்கிட்ட படம் காட்டினியே. நானும் பாத்திருக்கேன் நைனா, டிவில. 2019 அக்டோபர் 11. சீன அதிபர் ஷி ஜின்பிங் மீனம்பாக்கத்துல வந்து எறங்கினாரு. கிண்டில பெரிய ஓட்டல்ல தங்கினாரு. சாயங்காலம் ரோட்டு வழியா மாமல்லபுரம் போனாரு. காரு ஆரது? அவரோடது. ஹோங்சின்னு பேரு, அவங்க ஊர்ல செஞ்சது. ப்ளேன்ல ஏத்தியாந்துட்டாங்க. நம்ம பிரதமரு ஏர்போர்ட்லேர்ந்து ஹெலிகாப்டர்ல திருவிடந்தைக்குப் பறந்து, கோவளத்துல தங்கி, வேட்டி கட்டிக்கினு அர்ச்சுனன் தபசு கிட்ட நின்னு அவர வரவேத்தாரு. அப்பால ரெண்டு பேரும் எளநி குடிச்சாங்க. வழி முச்சூடும் போலீசு, வாழத்தாரு, மேளம். ஏர்போர்ட்டுலேர்ந்து மாமல்லபுரத்துக்கு அதுக்கு மேல ஒரு சவாரி கெடையாது. அவ்ளோ பெரிய மனுசங்களே போனதும் அதே கடக்கரதான், குடிச்சதும் அதே எளநிதான். நீ ஈரத்துண்டுக்கு இத்தினி குதிக்கற.

இப்ப முக்கியமான சமாச்சாரத்துக்கு வரேன். தேதி.

வெளிநாட்டு ப்ளேனுங்க நெறையா ராவு பன்னெண்டு தாண்டித்தான் வந்து எறங்குது. உன் டிக்கெட்டுல 15ஆம் தேதி 00.40ன்னு போட்டிருந்தா, அது எந்த ராவு? 14ஆம் தேதி சோறு துன்னுட்டுப் படுக்கற ராவு. நீ 15ஆம் தேதி ராத்திரின்னு காருக்குச் சொல்லி வெப்ப. காரு கரெக்டா வரும். நீ வந்து எறங்கி ஒரு நாளு ஆயிருக்கும். துட்டு திரும்ப வருமா? கேட்டுப் பாரு, கண்டிஷன்னு பத்துப் பக்கம் அனுப்புவான்.

அத்த வுடு. தேதி சரியாப் போட்டேன்னே வெச்சுக்கோ. நாலு மணிக்கு எறங்கற. பலகைக்காரன் நிக்கறான். பொட்டி ஏறுது. விடியக்காலம், ரோட்டுல ஈ காக்கா இல்ல. பறந்துக்கினு போற. ஆறு மணிக்கெல்லாம் கடக்கர. வாசல்ல ஒரு பொண்ணு சங்கு மால போடுது. கண்ணாடி டம்ளர்ல எலும்பிச்ச சாறு, அது மேல சின்னக் கொட ஒண்ணு. மழையா பேயுது டம்ளருக்குள்ள? சரி, குடிச்சாச்சு. அப்பால அந்தப் பொண்ணு சிரிச்சுக்கினே சொல்லும்: "சார், செக்கின் டைம் ரெண்டு மணி சார்." காலையில ரெண்டு இல்ல நைனா. மத்தியானம் ரெண்டு.

இப்ப இன்னா பண்ணுவ? மெட்ரோ வாணாம், பஸ்ஸு வாணாம், டாக்சி கவுன்டர்ல வரிசையில நிக்க மாட்டேன், எனக்கு நேரம் முக்கியம்னு தனிக் காரு போட்டு வந்த நீ, சோபாவுல குந்திக்கினு எட்டு மணி நேரம் மீன் தொட்டியப் பாப்ப. கொழந்த அழுவும். வூட்டம்மா உன்ன ஒரு பார்வ பாப்பா. அந்தப் பார்வைக்கு வெயிட்டிங் சார்ஜு தனி. "சீக்கிரம் ரூமு வேணும்னா அர நாள் வாடக கட்டுங்க சார்"னு அந்தப் பொண்ணு மறுபடியும் சிரிக்கும். நீ கட்டுவ. கட்டாம எங்க போவ? மிச்சம் புடிச்ச நேரத்துக்கு ரெண்டு வாட்டி துட்டு குடுத்த ஆளு உலகத்துலயே நீ ஒருத்தனாத்தான் இருப்ப.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஓட்டல் ரேட்டு ஜாஸ்தின்னு சொன்னா, தெரிஞ்ச பையன் கம்மில வரேன்னான்னு ஒரு வெள்ள போர்டு காருல ஏறிடாத. வாடகைக்கு ஓடற வண்டிக்கு மஞ்ச போர்டுல கறுப்பு எழுத்து. கரண்டு வண்டின்னா பச்ச போர்டுல மஞ்ச எழுத்து. வெள்ள போர்டு சொந்த ஓட்டத்துக்கு மட்டுந்தான், வாடகைக்கு ஓட்டறது சட்டப்படி தப்பு. வழியில ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்சுக்காரன் மொதல்ல பாக்கறது அந்தப் போர்டத்தான். நாலு காசு மிச்சம் புடிக்கப் போயி கோர்ட்டுக்கு நடக்கற பேஜாரு உனக்கு வாணாம்.

சரி, உன்ன மாதிரி கூட்டம் கூடி வராம ஒண்டி ஆளா வந்தா? ஏர்போர்ட்டு எதுக்கால திருசூலம் ஸ்டேஷனு. கரண்டு ரயில் ஏறினா தாம்பரம். தாம்பரத்துல 515ஆம் நம்பர் பஸ்ஸு, மாமல்லபுரம். காபித் துட்டுல போய்ச் சேந்துடலாம், பகல்லன்னா. ராவுல முடியாது, பொட்டியோட முடியாது, கைக்கொழந்தையோட முடியவே முடியாது. அத்தத்தான் மொதல்லயே சொன்னேன், உனக்குக் காருதான். ஆனா மத்தியானம் தோள்ல ஒரு பையோட வந்து எறங்கற வாலிபப் பையன் தனிக் காரு போட்டான்னு வெச்சுக்கோ, அவன எங்கிட்ட அனுப்பு.

டிரைவர் விசயமும் ரவ கேட்டுக்கோ. காசு கட்டினது ஓட்டலுக்கு. ஓட்டல்காரன் ஒரு டிராவல்ஸ்காரனுக்குச் சொல்லுவான். அவன் இன்னொருத்தனுக்குச் சொல்லுவான். கடசியில ஸ்டீரிங் புடிக்கறவன் கையில வர்றது நீ கட்டினதுல எத்தினின்னு கேட்டுப் பாரு, எலும்பிச்ச சாறு எறங்காது. ராவு முச்சூடும் கண்ணு முழிச்சவன் அவன். கேளம்பாக்கத்துல ஒரு டீக்கடையில நிறுத்தச் சொல்லு. டீ வாங்கிக் குடு. கண்ணு செவந்திருந்தா கால் மணி மொகம் கழுவி ஒக்காரச் சொல்லு. உனக்குத்தான் ரூமு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆச்சே, இன்னா அவசரம்?

அங்க நாலு நாளு கடலப் பாத்துட்டு ஊருக்கு வருவ இல்ல? கடலுதான் வேணும்னா நமக்குப் பழவேற்காடு பக்கம்னு சொன்னா சிரிப்ப, அத்த சொல்லல. பொட்டியும் கொழந்தையும் இல்லாம ஒண்டியா வந்தா, மாமல்லபுரத்துலேர்ந்து பெரியபாளையத்துக்கும் ஒரு தனிக் காரு போடாத. ஏர்போர்ட்டுக்கே திரும்பி வந்து மெட்ரோ ஏறி, ஊருக்குள்ள பூந்து, செங்குன்றம் வந்து சேரு. ஊத்துக்கோட்ட பஸ்ஸு ஏறினா காரனோட தாண்டி, ஜனப்பஞ்சத்திரம் கூட்ரோட்டுல திரும்பி நம்ம ஊருல எறக்கி வுடும். ஆடி ஞாயித்துக்கெழமையா மட்டும் பாத்து வராத. அன்னிக்கி அதிபரு காரே வந்தாலும் கூட்ரோட்டுலதான் நிக்கணும்.

இப்ப போன எடு. காருக்காரனுக்கு இல்ல. ஓட்டலுக்குப் போடு. எத்தினி மணிக்கு ரூமு குடுப்ப, சீக்கிரம் வந்தா எவ்ளோன்னு கேளு. அவன் சொல்றத எழுதி வாங்கிட்டு, அப்பால காரப் பத்திப் பேசிக்கலாம்.