கைவைத்தியப் பெரியப்பா

நமக்குத் தும்மல் வந்தால்தான் கைவைத்தியப் பெரியப்பாவுக்குப் பொழுது விடியும். ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர், அடுத்த அறையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றுவார். "யாரது, சளியா?" என்பார். குரலில் கவலை துளியும் இருக்காது. உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் இருக்கும்.

குடும்பத்துக்கு ஒருவர் இப்படி உண்டு. மின்வாரியத்திலோ வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நாலைந்து கிராம்பு கிடக்கும். காஸ் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது. ஆனால் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு சாமானும் எந்தெந்த நோயை விரட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "ஒரு கஷாயம் போட்டுக் குடிச்சா சரியாப் போயிடும்" என்று சொல்வது மட்டும்தான் அவர் பங்கு. சுக்கை இடித்து, மல்லியை வறுத்து, எட்டுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, பாத்திரத்தையும் தேய்த்துவைப்பது பெரியம்மா. கஷாயம் பலித்தால் பேர் பெரியப்பாவுக்கு. பெரியம்மாவுக்குக் கிடைப்பது முட்டிவலி. அதற்கும் ஒரு தைலம் சொல்வார். அதையும் பெரியம்மாதான் காய்ச்ச வேண்டும்.

அவருடைய வைத்திய சாஸ்திரத்தில் மூன்றே இலாகாக்கள்: சூடு, குளிர்ச்சி, வாயு. முகப்பரு சூடு. கண் எரிச்சல் சூடு. பையன் கணக்கில் பெயிலானதும் சூடுதான். "தலைக்கு எண்ணெய் வெச்சாத்தானே? காஞ்ச மண்டையில படிப்பு எப்படி ஏறும்?" சூட்டிலும் அடங்காமல் குளிர்ச்சியிலும் சேராமல் நிற்கும் எல்லாம் வாயு. இந்த வாயு எங்கே வேண்டுமானாலும் போகும். முதுகில் பிடிக்கும், தோளில் ஏறும், சமயத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் கோபமாகவும் வெளிப்படும்.

இவரை வாதத்தில் ஜெயித்தவர் கிடையாது. காரணம், அவருடைய வைத்தியம் தோற்பதே இல்லை. தோற்பது எப்போதும் நாம்தான். இருமலுக்குச் சின்ன வெங்காயச் சாற்றில் தேன் கலந்து குடிக்கச் சொல்லியிருப்பார். மூன்று நாள் கழித்து இருமிக்கொண்டே போய் நிற்போம்.

"கேக்கலையே பெரியப்பா."

"என்ன தேன்?"

"கடையில வாங்கினது."

"அதான்."

அந்த "அதான்" என்ற ஒரு சொல்லுக்கு மறுப்பே கிடையாது. தேன் மலைத்தேனாக இருந்தால் வெங்காயம் பெரியதாகிவிடும். வெங்காயமும் சரியாக இருந்தால், "வெறும் வயித்துலயா குடிச்சே?" என்று வரும். வெறும் வயிறுதான் என்றால், "குடிச்ச கையோட காப்பி குடிச்சிருப்பியே" என்று முடியும். காப்பி குடிக்காத மனிதர் நம் குடும்பத்தில் ஏது? நெய் என்றால் நாட்டு மாட்டு நெய், எண்ணெய் என்றால் செக்கு எண்ணெய், பூண்டு என்றால் மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் ஈரோடு மஞ்சளுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, விவசாயிகளைவிட அதிகம் மகிழ்ந்தவர் பெரியப்பாவாகத்தான் இருப்பார். "குறியீடு போட்ட பூண்டா பார்த்து வாங்கினியா?" என்று கேட்க அரசாங்கமே ஒரு புதுக் கேள்வியை எடுத்துக் கொடுத்துவிட்டதே!

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் சொல்வதில் பாதி நிஜமாகவே பலிக்கும். கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். சொத்தைப் பல்லில் கிராம்பை வைத்தால் வலி மரத்துப்போவதற்குக் காரணம் யூஜெனால். அதைப் பல் மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஓமத்தில் இருக்கும் தைமால் கிருமியை ஒடுக்கக்கூடியது. ஆனால் இந்த விளக்கமெல்லாம் பெரியப்பாவிடம் எடுபடாது. "அமிலமா? எங்க பாட்டி அமிலத்தைக் கண்டாளா?" என்று ஒரே அடியில் தள்ளிவிடுவார்.

அதே பாட்டிக்கு அமெரிக்கா சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு உண்டு என்பதை மட்டும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம், இது எங்கள் ஊரில் காலங்காலமாக இருப்பதுதான் என்று பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் காட்டி வழக்காடியது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. பெரியப்பா சொல்லும்போது இதில் குழுமம் வராது. "எங்க பாட்டி சொத்துக்கு அவன் பட்டா வாங்கப் பார்த்தான். விட்டோமா?" என்பார். வாஷிங்டனுக்கு இவரே வாய்தாவுக்குப் போய்வந்தது மாதிரி இருக்கும்.

பெருங்காயக் கதையைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார். நம் பாரம்பரியம் என்று அவர் மார்தட்டும் அந்தப் பிசின் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் கப்பலேறி வருவது. இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் ஆராய்ச்சியாளர்கள் அந்தச் செடியை நட்டதே 2020 அக்டோபரில்தான். தடுமாற்றம் ஒரு நிமிஷம்தான். "எங்கேர்ந்து வந்தா என்ன? வேலை பார்க்கிறது நம்ம வயித்துலதானே?"

விக்கலுக்கு அவர் வைத்திருப்பது அதிர்ச்சி வைத்தியம். ஆளை அசரடிக்கிற மாதிரி ஒரு பழியைப் போட வேண்டும். புது மருமகனுக்கு ஒரு நாள் சாப்பாட்டில் விக்கல் எடுக்க, "மாப்ளே, பீரோவுல இருந்த ஐந்நூறு ரூபாயைப் பார்த்தீங்களா?" என்றார். விக்கல் அந்த நொடியே நின்றது. மாப்பிள்ளை அடுத்த தீபாவளிக்கு வரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அது தீக்காயம். தோசைக்கல்லில் கை பட்டுவிட்டது என்றால், பெரியப்பா இட்லி மாவு என்பார். எதிர்வீட்டுக்காரர் டூத்பேஸ்ட் என்பார். பழைய ஆளாக இருந்தால் பேனா மை. சுட்ட கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிக்கொண்டிரு, எதையும் பூசாதே என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். பூசியதைச் சுரண்டி எடுப்பது அவர்களுக்கு இன்னொரு வேலை. புண்ணில் கிருமி தொற்றவும் அது வழி. இதைப் பலமுறை சொல்லியாயிற்று. பெரியப்பா ஏற்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். குழாயைத் திற என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு பெரியப்பா எதற்கு? அவருக்கு மரியாதை தருவது மாவு. ஆகையால் வீட்டில் யாருக்காவது சுட்டுக்கொண்டால் முதலில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது வழக்கமாகியிருக்கிறது.

ஒரே கூரையின் கீழ் இரண்டு பெரியப்பாக்கள் சேர்ந்துவிட்டால் வரும் வேடிக்கைக்குக் கல்யாண மண்டபம்தான் சரியான இடம். போன ஆவணியில் ஒரு கல்யாணம். முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்த பெண்ணின் தாய்மாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கைகழுவும் இடத்திலிருந்து நம் பெரியப்பா மோப்பம் பிடித்து வந்தார். மேடைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பாவும் வந்துவிட்டார்.

"வாயு. ஓமத்தண்ணி குடுங்க."

"வாயுவா? முகத்தைப் பாருங்க, செவந்திருக்கு. சூடு. மோர்ல வெந்தயம் போட்டுக் குடுக்கணும்."

"மோரா? இந்த நேரத்துலயா? தொப்புளைச் சுத்திப் பெருங்காயம் தடவுங்க, அஞ்சு நிமிஷத்துல இறங்கும்."

"கூட்டுப் பெருங்காயமா, கட்டியா?"

நம்மவர் நிமிர்ந்து பார்த்தார். தன் ஆயுதத்தைத் தன்மீதே வீசும் ஆளை வாழ்க்கையில் அன்றுதான் சந்திக்கிறார். சமையல்காரரிடமிருந்து ஓமம் ஒரு பக்கம் வந்தது, மோர் ஒரு பக்கம் வந்தது. இரண்டு டம்ளரும் தாய்மாமன் முகத்துக்கு நேரே நீண்டன. முதலில் யாருடையதைக் குடிப்பது என்பது இப்போது இரண்டு குடும்பத்துக் கௌரவம். சம்பந்திகள் கூடிவிட்டார்கள். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். டாக்டருக்குப் படிக்கும் பெண் ஒருத்தி, "நெஞ்சு வலிக்குதா மாமா? கை மரத்துப்போகுதா?" என்று கேட்க வாயெடுத்தாள். இரண்டு பெரியப்பாக்களும் ஒரே குரலில், "நீ சும்மா இரும்மா" என்றார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

அதற்குள் தாய்மாமன் எழுந்து நின்றார். முகம் தெளிந்திருந்தது. கூட்டம் ஆவலோடு பார்க்க, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "ஒண்ணுமில்லைங்க. புது பேன்ட். பெல்ட்டை ரெண்டு ஓட்டை தளர்த்தினேன், சரியாப் போச்சு."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா வாயடைத்து நின்றார். நம்மவர் மட்டும் ஓமத்தண்ணியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, தாய்மாமன் தோளில் கை போட்டுக் கேட்டார்:

"கிழக்கே பார்த்து நின்னுதானே தளர்த்தினீங்க?"