பிளஸ் டூ பிள்ளை

பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட இந்த இனம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பரவலாகக் காணப்படுகிறது. காலையில் டவுன் பஸ் படிக்கட்டிலும், மாலையில் டியூஷன் வாசலிலும் எளிதில் தென்படும்.

வீட்டில் இதற்கு நிலையான வயது கிடையாது. கேஸ் சிலிண்டரை உருட்டி வைக்கும்போது "வளந்த பிள்ளைதானே". நண்பர்களோடு குற்றாலம் போகக் கேட்டால் "சின்னப் பய, பேசாம இரு". சட்டமும் கைகொடுப்பதில்லை. 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத கியரில்லா வண்டிக்கு லைசென்ஸ் உண்டு. அப்பாவின் எக்ஸ்எல் 100 கூட அதற்குள் அடங்காது.

வயதைப் போலவே எதிர்காலமும் இதற்கு நிலையானதல்ல. தாத்தா தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியபின் இங்கே பலருக்கு எதிர்காலம் ஷிப்ட் கணக்கில் வந்தது. பேரப்பிள்ளையின் எதிர்காலமோ கேட்பவரைப் பொறுத்து வருகிறது: பெரியப்பாவிடம் டாக்டர், தாத்தாவிடம் கவர்ன்மென்ட் வேலை, நண்பனிடம் யூடியூப் சேனல். மூன்றுமே சொல்லும் நேரத்தில் உண்மைதான். 2022இல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கேள்விப்படாத படிப்புகளெல்லாம் தெரிந்திருக்கின்றன. பெரியப்பாவின் பட்டியல் இன்னும் டாக்டர், இன்ஜினியர் என்ற இரண்டோடு நிற்கிறது. பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநில முதலிடம் பிடித்த விருதுநகர் மாவட்டத்தில் வெறும் பாஸ் என்பது சொந்தக்காரர்களுக்குச் செய்தியே அல்ல.

பதில்கள் மாறினாலும் தூரக்கணக்கு மாறாது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமே இருக்கிறது. அதுதான் அதன் குறை: சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மதுரை பரவாயில்லை, ஆனால் அங்கே சித்தி இருக்கிறார். கோவை நல்லது. சென்னை உத்தமம்; பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும், அப்பா நினைத்த நேரத்தில் வந்து நிற்க முடியாது. என்ன படிப்பது என்பது ரயில் ஏறியபின் யோசிக்க வேண்டிய விஷயம்.

பெண்பிள்ளைகள் இதே கணக்கை இன்னும் பக்குவமாகப் போடுகிறார்கள். சென்னைப் பேச்சையே எடுப்பதில்லை. "அந்தக் காலேஜ் ஹாஸ்டல் ரொம்ப ஸ்ட்ரிக்டாம்மா, ஆறு மணிக்கே கேட்டைப் பூட்டிருவாங்களாம்" என்று பரீட்சைக்கு முன்பே சலித்துக்கொள்வார்கள். ரிசல்ட் வருவதற்குள் அம்மாவே அந்தக் காலேஜைச் சிபாரிசு செய்யத் தொடங்கிவிடுவார்.

கடைசிக் கட்டம் பிரவுசிங் சென்டரில் நடக்கிறது. கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது அப்பா ஃபீஸைப் பார்ப்பார், அம்மா ஊரைப் பார்ப்பார், பிள்ளை ரயில் நேரத்தைப் பார்க்கும். பெரியப்பா போனில் கட்டாஃப் கேட்டுக்கொண்டிருப்பார்.