அணையா மஞ்சள் விளக்கு: நெய்வேலி நகரியத்து டீசல் வண்டி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7.40 மணி. மகளைப் பள்ளியில் விடப் போகும் வழியில், எங்கள் ஏழு இருக்கை எஸ்யூவியின் வேகமானிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு பெட்டி எரிந்தது. பெட்டிக்குள் புள்ளிகள், இரு பக்கமும் குழாய்கள். இவ்வொளியின் தோற்றம், பொருள், மறைவு ஆகிய மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் முன்னோர் பலரும் வாய்மொழியாகவே பேசியுள்ளனர். எழுத்தில் உள்ள ஒரே நூல் வண்டியோடு வந்த கையேடு. அதை இதுவரை யாரும் பிரித்ததில்லை என்பதால் ஆய்வுக்கு இடம் இருக்கிறது.

2. வடிவமும் வண்ணமும்

டாஷ்போர்டுச் சின்னங்கள் உலகெங்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று ஐஎஸ்ஓ 2575 என்னும் தர ஆவணம் வகுத்திருக்கிறது. வகுத்தவர்களுக்கு எங்கள் வீட்டாரைத் தெரியாது. எஞ்சின் விளக்கை என் அம்மா போர் மோட்டார் என்பார். ஆயில் விளக்கு கெண்டி. டயர் காற்று விளக்கு, வாணலிக்குள் விழுந்த ஆச்சரியக்குறி. இப்போது எரிவதற்கு மூன்று பாடபேதங்கள் கிடைக்கின்றன. மனைவி: பூந்தி டப்பா. மகள்: வலைக்குள் மாட்டிய கொசு. அம்மா: சல்லடை. அம்மாவின் பாடமே சரி என்பது பின்னர் விளங்கும்.

வண்ணத்தில் குழப்பம் இல்லை. சிவப்பு என்றால் ஓரம் கட்டு. பச்சையும் நீலமும் வெறும் தகவல். மஞ்சள் என்றால் பார்த்துக்கொள். இந்தப் 'பார்த்துக்கொள்' என்பதைத் தமிழர் நெடுங்காலமாகப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று பாடம் ஓதி வருகின்றனர். பெரும்பாலான மெக்கானிக்குகளின் வாழ்வாதாரம் இந்த 'லாம்' விகுதியில் இருக்கிறது.

வரலாறும் சுருக்கமானதே. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கார் நிறுவனம் ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விளக்கை வைத்தது. எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்த முள் போய், ஆமா இல்லை என்று மட்டும் சொல்லும் விளக்கு வந்தது. அமெரிக்கர்களே அதற்கு முட்டாள் விளக்கு என்று பெயர் வைத்தார்கள். அதே பத்தாண்டில்தான் இங்கே நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைக்க எந்த ஆதாரமும் இல்லை. ஆதலால் இவ்வாய்வாளர் இணைக்கிறார்.

3. ஆய்வுக் களம்

நெய்வேலி எரிப்பதற்கென்றே எழுந்த ஊர். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1962இல் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது. வெட்டிக் குவித்த பழுப்பு நிலக்கரியை அப்படியே விட்டுவைத்தால் அது தானாகவே புகையும். தண்ணீர் அடித்து அடக்கவேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில், சில கிராம் கரியை எரிக்க முடியவில்லை என்று ஒரு வண்டி விளக்குப் போடுகிறது. இம்முரணே நம் ஆய்வின் மையம்.

காரணம் வண்டியில் இல்லை, நகரியத்தின் அழகில் இருக்கிறது. பிளாக் பிளாக்காகப் பிரித்த வீடுகள், இருபுறமும் மரம், அளந்து போட்ட சாலை, அளக்காமல் போட்ட வேகத்தடை. பள்ளி, ஆபீஸ், மெயின் பஜார், கோயில் எல்லாம் பத்து நிமிடத்துக்குள். எஞ்சின் சூடேறுவதற்குள் இடம் வந்துவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ் 6 புகை விதிக்குப் பின், டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்றொரு சல்லடை சேர்ந்தது. புகையில் வரும் கரித்தூள் அதில் படியும். நெடுஞ்சாலையில் வண்டி சீராக ஓடினால், சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அந்தக் கரி எரிந்து சல்லடை சுத்தமாகும். பஜாருக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருவதில் 600 டிகிரி வராது.

4. முன்னோர் கொள்கைகள்

விளக்கை அணைப்பது பற்றி நகரியத்தில் நான்கு மரபுகள் வழக்கில் உள்ளன.

பொட்டு மரபு: ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை விளக்கின்மேல் ஒட்டிவிடுவது. செலவு குறைவு, மங்களகரம்.

எலுமிச்சை மரபு: சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து ஏற்றுவது. டயருக்குக் கீழே பரிகாரம், புகைக்குழாயில் தோஷம். இடையே உள்ள தொடர்பு மேலாய்வுக்குரியது.

பேட்டரி மரபு: "நெகட்டிவ் ஒயரக் கழட்டிப் பத்து நிமிஷம் விட்டு மாட்டு, எல்லாம் மறந்துடும்." செய்து பார்த்தேன். ரேடியோ தன் நிலையங்களை மறந்தது. ஓட்டுநர் கண்ணாடி ஒரே தட்டலில் ஏறுவதை மறந்தது. கடிகாரம் 12.00 ஆனது. விளக்கு மட்டும் எதையும் மறக்கவில்லை.

ஸ்கேனர் மரபு: ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முனைச் சொருகியில் தீப்பெட்டி அளவு கருவியைச் செருகி, செல்போனில் கோளாறுக் குறியீட்டைப் படித்து, அழிப்பது. எதிர்க் குவார்ட்டர்ஸ் தம்பி செய்து கொடுத்தான். விளக்கு அணைந்தது. அவனுக்கு ஃபில்டர் காபி வழங்கப்பட்டது. வியாழக்கிழமை விளக்கு திரும்ப வந்தது. காபியைத் திரும்பப் பெற வழியில்லை.

(ஐந்தாவதாக ஒரு சர்வீஸ் சென்டர் மரபும் உண்டு. "முழு செட்டையும் மாத்தணும் சார்" என்பதே அதன் ஒரே நூற்பா. விலை கேட்டு ஆய்வாளர் வீடு திரும்பினார்.)

இருந்தாலும் தம்பி ஒரு நல்ல காரியம் செய்தான். அழிக்கும் முன் குறியீட்டைக் குறித்துவைத்தான்: பி 2463. இந்தக் குறியீடுகளும் நம் இலக்கணம் போல எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரம் உடையவை. முதலில் வருவது எழுத்து: பி என்றால் எஞ்சினும் கியரும், சி என்றால் பிரேக் முதலான அடிப்பகுதி, பி-யோடு குழப்பிக்கொள்ளத்தக்க மற்றொரு 'பி' என்றால் கதவு, ஏர்பேக் வகையறா, யு என்றால் கணினிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. தமிழ் எழுத்தில் இரண்டு பி-யும் ஒன்றாகிவிடுவது மெக்கானிக்குகளின் நல்லூழ். அடுத்த இலக்கம் 0 என்றாலும், எங்கள் குறியீட்டில் உள்ளது போல 2 என்றாலும், எல்லா வண்டிக்கும் பொதுவான இயற்சொல். 1 என்றால் அந்தந்த நிறுவனத்தின் திசைச்சொல். பொருளதிகாரத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

5. மாமா கொள்கை

அந்த ஆள் இந்திரா நகரில் இருந்தார். என் மாமனார், அனல் மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் மூன்று ஷிப்டும் பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே சுவர் நிறையச் சதுரம் சதுரமாகக் கண்ணாடி விளக்குகள். அனன்சியேட்டர் என்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோளாறின் பெயர்.

"மாப்ள, அலாரம் வந்தா மொதல்ல என்ன பண்ணணும்?"

"ரீசெட்."

"உங்கள டெஸ்க்ல உக்கார வச்சிருந்தா மெட்ராஸே இருட்டாயிருக்கும்."

பிறகு விளக்கினார். அலாரம் வந்தால் விளக்கு மின்னும், ஹாரன் அலறும். முதலில் அழுத்தவேண்டியது அக்செப்ட். பார்த்துவிட்டேன் என்று பொருள். ஹாரன் நிற்கும், விளக்கு மின்னுவதை விட்டு நிலையாக எரியும். அப்புறம் போய்க் காரணத்தைத் தேடிச் சரி செய்யவேண்டும். எல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் ரீசெட். "நீங்க பண்ணது எல்லாம் தபால்காரன அடிக்கிற வேல. லெட்டரப் பிரிக்கவே இல்ல."

குறியீட்டைக் காட்டினேன். "கரியா, சாம்பலா?" என்றார்.

விழித்தேன். பி 2463 என்பது கரி சேர்ந்தது. சாம்பல் சேர்ந்தால் பி 242எஃப் என்று வேறு குறியீடு. கரி எரியும், சாம்பல் எரியாது, கழற்றித்தான் சுத்தம் செய்யவேண்டும். இந்த வேறுபாட்டை நெய்வேலிக்காரனுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். டிபிஎஃப் என்றால் என்ன என்று நான் விளக்க ஆரம்பித்ததும் கையமர்த்தினார். மின் நிலையத்தில் புகைபோக்கிக்கு முன்னால் இஎஸ்பி இருக்கும். சாம்பலை மின்தகடுகளில் பிடித்து, சுத்தியால் தட்டிக் கீழே ஹாப்பரில் விழவைக்கும். "இது ஹாப்பர் இல்லாத இஎஸ்பி. வேற ஒண்ணும் இல்ல." பின்னர் பிரித்துப் பார்த்தால், கையேட்டில் நான்கு பக்கம் பிடித்த விஷயம் இது.

அடுத்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஆயில் குச்சியை உருவி, வேட்டி முனையில் துடைக்கப் போனவர் அத்தையின் பார்வை பட்டுப் பழைய பனியனில் துடைத்தார். மீண்டும் விட்டு எடுத்தார். மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஆயில் நின்றது.

"கொறையலையே மாமா, கூடித்தானே இருக்கு?" என்றேன், அட்சய பாத்திரம் கிடைத்தவன் போல.

குச்சியை மூக்கருகே கொண்டுபோனார். என்னிடமும் நீட்டினார். டீசல் வாடை. கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் தெளிக்கும். பாதியில் நாம் வண்டியை அணைத்துவிட்டால் எரியாத டீசல் ஒழுகி ஆயிலில் கலக்கும். கொத்தமல்லிக்குப் போன ஒவ்வொரு பயணமும் குச்சியில் எழுதியிருந்தது. ஆயில் நீர்த்துப்போனால் எஞ்சினே போகும். மஞ்சள் விளக்கு இத்தனையும் சொல்லத்தான் வந்திருந்தது. நான் பொட்டு தேடிக்கொண்டிருந்தேன்.

6. கள ஆய்வு

சனிக்கிழமை ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டன. ஞாயிறு காலை குடும்பம் முழுவதும் ஏறியது. வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர். மாமா முன் இருக்கையில், மடியில் நாற்பது பக்க நோட்டு. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசியாற்றுகிறது. அதைக் கடக்கும்போது அம்மா கும்பிட்டுவிட்டு, "அங்க அணையா அடுப்பு, நமக்கு அணையா வெளக்கு" என்றார். தலைப்புக்கு அவருக்கு நன்றி.

வடலூர் தாண்டியதும் ஒரே சீராக அறுபது, எழுபது. ஒரு கியர் குறைத்தே ஓட்டச் சொன்னார் மாமா, சூடு ஏறுவதற்காக. கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தது போல ஒரு வாடை. மனைவி பின்னால் திரும்பி டிபன் கேரியரைப் பார்த்தாள். குறிஞ்சிப்பாடிக்கு அப்பால், யாரும் பார்க்காத ஒரு கணத்தில், பெட்டி அணைந்தது.

நான் கைதட்டினேன். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து 9.22 என்று எழுதினார். "நிறுத்தாதீங்க, ஓட்டுங்க. எரியிறது முழுசா முடியட்டும்." கடலூர் சில்வர் பீச்சில் மகள் காலை நனைக்கும் வரையிலும் எஞ்சின் விசிறி அடங்கவில்லை.

7. முடிபு

விளக்கு பழுது அன்று, பழுதின் வாய். வாயை மூடுவது மருத்துவம் ஆகாது. நகரியத்து டீசல் வண்டிக்கு வாரம் ஒருமுறை கடற்காற்று தேவை என்பது கிளை முடிபு. இதை மகள் வழிமொழிந்திருக்கிறாள்.

மேலாய்வுக்குரியதாக ஒன்று. சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் சில நொடி எரிந்து அணைகின்றனவே, அதை நான் அலங்காரம் என்று எண்ணியிருந்தேன். "அது லேம்ப் டெஸ்ட் மாப்ள. ஷிப்ட் ஏறினதும் நாங்க மொதல்ல அழுத்துற பட்டன். எரியிற வெளக்கு வேல செய்யுது. எரியாத வெளக்கத்தான் சந்தேகப்படணும்" என்றார். பழைய வண்டி விற்பவர்கள் சிலர் கோளாறு விளக்கின் பல்பையே பிடுங்கிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து பின் இருக்கையிலிருந்து தலையை நீட்டி மகள் வருகைப் பதிவு எடுக்கிறாள்: "போர் மோட்டார்? கெண்டி? வாணலி? சல்லடை?" ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும் வரை வண்டி கிளம்பக்கூடாது. பள்ளிக்கு இரண்டு நிமிடம் தாமதமாகிறது. நோட்டில் அதையும் எழுதச் சொல்லியிருக்கிறார் மாமா.