காலுக்கு ஒரு பாட்டு, காதுக்கு ஒரு செய்தி

கேள்வி: ஆட்டம் போட வைக்கும் பாட்டில் அரசியல் பேசினால் எடுபடுமா?

பதில்: காலைப் பிடித்துவிட்டால் காது தானாக வந்து சேரும். 1984இல் லண்டனில் பிரான்ஸ்கி பீட் என்ற மூவர் இசைக்குழு அதைத்தான் செய்தது. சின்தசைசர் தாளம் துள்ள, ஜிம்மி சோமர்வில் உச்சஸ்தாயியில் பாடிய 'ஸ்மால்டவுன் பாய்', சொந்த ஊரில் இடமில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் தன்பாலீர்ப்புப் பையனின் கதை. பிரிட்டன் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

அதைவிடத் துணிச்சலானது அவர்களுடைய முதல் ஆல்பத்தின் உள்ளுறை. ஆணும் ஆணும் உறவுகொள்ளச் சட்டம் எந்த வயதில் சம்மதிக்கிறது என்று நாடுவாரியாக ஒரு பட்டியலை அச்சிட்டார்கள். இங்கிலாந்தில் அப்போது 21, ஆண்-பெண் என்றால் 16. பாட்டு கேட்க உறையைப் பிரித்தவன் கையில் சட்டப் புத்தகம்!

லீட்ஸ் நகரத்து இசைக்குழு கேங் ஆஃப் ஃபோர் இன்னும் கறார். 1979இல் பாட்டில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னதும், பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடும் வாய்ப்பையே உதறினார்கள். அந்த வீம்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிரான்ஸ்கி பீட் அச்சிட்ட பட்டியலில் இருந்த 21, இங்கிலாந்தில் 1994இல் 18 ஆனது. 2001இல்தான் எல்லோருக்கும் 16.