முரசுக்கு ஒரு கறுப்புப் பட்டை

கேள்வி: ஊர் முழுவதற்கும் எக்ஸ்ரே எடுக்க முடியாது. முரசு நோய் முற்றியவர்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்க வழியுண்டா? (ஹந்தானை வாசகர்)

பதில்: பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா என்று கேட்டால் பாதி ஊர் கைதூக்கும், அதை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. ஏனென்றால், 1970இல் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர் பூண்டுலோயா டன்சினன் தோட்டம் உட்பட மலையகத்தில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிரஷ் பழக்கமே இல்லை, முரசு எல்லோருக்கும் வீங்கியிருந்தது. 15 வருடம் தொடர்ந்து பார்த்ததில் பற்பிடி வேகமாகக் கழன்றது 8 சதவீதத்தினருக்குத்தான். 11 சதவீதத்தினருக்கு வீக்கத்தோடு சரி. (கொடுத்து வைத்தவர்கள்!)

அந்த எட்டு சதவீதத்தினரைப் போன்றவர்களைப் பிடிக்க உலக சுகாதார நிறுவனத்தின் மெல்லிய கம்பி போதும். நுனியில் அரை மில்லிமீட்டர் குண்டு, 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை கறுப்புப் பட்டை. முரசு இடுக்கில் மெதுவாக விட்டால் பட்டை முழுதும் மறைகிறதா? பள்ளம் ஆறு மில்லிமீட்டராவது இருக்கும். பேராதனை பல் வைத்தியசாலைக்கு பஸ் ஏறுங்கள்.

கம்பியும் இல்லையென்றால், "பல் தானாக ஆடியதா?" என்று கேட்கலாம். நம்மவர் பதில்தான் சிக்கல்: "ஆடவில்லை டொக்டர், விழுந்தேவிட்டது!"